கண்ணுக்கு எத்தனை புள்ளி, நாவுக்கு எத்தனை புள்ளி?

மாதர் சங்கங்கள் நடத்தும் சமையற் போட்டிகளுக்குப் போய்வந்த சகோதரிகள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கரட்டைச் சீவிப் பூவாக்கி, தக்காளித் தோலைச் சுருட்டி ரோசாவாக்கி வைத்த தட்டுக்கு முன்னால்தான் நடுவர்கள் அதிக நேரம் நிற்பார்கள். பக்கத்திலே சட்டியோடு கொண்டுவந்த ஒடியற் கூழ் ஆறிக்கொண்டிருக்கும்.

நெடுந்தீவிலும் நயினாதீவிலும் இருப்பவர்களுக்குக் கரட்டும் சலாது இலையும் குறிகட்டுவானிலிருந்து படகேறி வரவேண்டும். 1990இல் தீவகத்தைவிட்டு இடம்பெயர்ந்து, பாத்திரபண்டங்களை இழந்து, பின்னர் திரும்பிவந்து அடுப்பு மூட்டிய குடும்பங்கள் எத்தனையோ. அப்படியான வீட்டுப் பெண்ணிடம் பூப்போட்ட பீங்கான் தட்டை எதிர்பார்க்கலாமா? ஒரு பரிசில் கிடைத்தால் நாலு வீட்டு ஓடர் கிடைக்கும். அந்த வருமானத்தில் பிள்ளைகளின் கொப்பி, புத்தகம் வாங்கலாம். ஆகவே இது சின்ன விடயமல்ல.

அப்படியானால் அழகுக்கு எத்தனை புள்ளி கொடுப்பது நியாயம்? இந்தக் கேள்வியை நன்றாக யோசித்து, விதியாக எழுதிவைத்திருப்பவர்கள் அமெரிக்காவில் பாபகியூப் போட்டி நடத்துபவர்கள். பாபகியூ என்றால் வேறொன்றுமில்லை, இறைச்சியை விறகுத் தணலிலும் புகையிலும் மணிக்கணக்காக வாட்டி எடுப்பது. அங்கே கன்சாஸ் நகரில் 1980களின் நடுப்பகுதியில் இதற்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் ஒருவர் கரோலின் வெல்ஸ் என்ற பெண்மணி. கோழி, பன்றி விலாவெலும்பு, பன்றித் தோள், மாட்டு நெஞ்சிறைச்சி என்று நான்கு வகை இறைச்சிக்குப் போட்டி. எங்களில் பலர் மாட்டிறைச்சி தொடுவதில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும், அவர்கள் புள்ளியிடும் முறையைப் பார்ப்போம்.

சமைத்தவர் தமது இறைச்சியை ஒன்பது அங்குல ரெஜிபோம் பெட்டியில் வைத்துக் கொடுக்கவேண்டும். பெட்டியில் பெயர் இராது, இலக்கம் மட்டுந்தான். அந்த இலக்கத்தையும் நடுவர் மேசைக்குப் போகுமுன் மாற்றிவிடுவார்கள். மேசையில் ஆறு நடுவர்கள் இருப்பார்கள். மேசைப் பொறுப்பாளர் பெட்டியைத் திறந்து ஒவ்வொருவருக்கும் காட்டுவார். வாயில் வைப்பதற்கு முன்னரே தோற்றத்துக்குப் புள்ளி எழுதியாகவேண்டும். ருசி பார்த்தபின் ‘அழகாயும் இருந்தது’ என்று கூட்டிப்போட வழியில்லை. நடுவர்கள் தமக்குள் பேசவும் கூடாது. அதன் பிறகுதான் ருசிக்கும் மென்மைக்கும் புள்ளி. ஆறு பேரில் ஆகக் குறைந்த புள்ளி கொடுத்தவரின் கணக்கை நீக்கிவிடுவார்கள்.

ஒரு நடுவர் கொடுக்கக்கூடிய மொத்தம் 36 புள்ளி என்றால் அதில் தோற்றத்துக்கு ஏறத்தாழ 5, ருசிக்கு 20க்கு மேல், மென்மைக்கு 10 அளவில். அதாவது அழகு ஏழில் ஒரு பங்குதான்! ஆனால் ஏழில் ஒரு பங்கு என்று அலட்சியம் செய்யவும் முடியாது. ருசியில் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும்போது, முதலாமவரையும் பத்தாமவரையும் பிரிப்பது அந்த ஐந்து புள்ளியாக இருக்கலாம்.

அலங்காரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. பெட்டியில் இலை வைப்பது கட்டாயமில்லை. வைப்பதானால் பச்சைச் சலாது, பார்சிலி, கொத்தமல்லி போன்ற சில இலைகள் மாத்திரமே. அலுமினியத் தாள், பற்குச்சி கூடாது. இறைச்சியைப் பூவாகவோ வேறு உருவமாகவோ செதுக்கினால் அது அடையாளம் காட்டும் தந்திரமாகக் கருதப்படும். ஆறு நடுவருக்கும் போதிய துண்டு இல்லாவிட்டாலும் குற்றந்தான். டெக்சாஸ் பக்கத்தில் வளர்ந்த இன்னொரு சங்கமோ இலை தழையே வேண்டாம் என்றுவிட்டது.

அப்படியானால் நடுவர் எதைத்தான் பார்க்கிறார்? துண்டுகள் ஒரே அளவா என்று பார்க்கிறார். அளவு ஒன்றாயிருந்தால் வேக்காடும் ஒன்றாயிருக்கும். வெட்டிய விளிம்பு பிய்ந்திருக்கிறதா, மேற்பூச்சு காய்ந்து வெடித்திருக்கிறதா, எங்காவது கருகியிருக்கிறதா என்று பார்க்கிறார். இவை அலங்காரமல்ல, சமைத்தவளின் கைப்பக்குவத்துக்குக் கண் காணக்கூடிய சாட்சி. இன்னொன்றும் சொல்லவேண்டும். புகையில் வாட்டிய இறைச்சியை வெட்டினால் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம் தெரியும். பார்க்க அழகுதான். ஆனால் இறைச்சியைப் பதப்படுத்தும் ஒருவகை உப்பைத் தடவியும் அதே சிவப்பை வரவழைக்கலாம் என்பதால், கன்சாஸ் சங்கம் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று நடுவர்களுக்குப் படிப்பிக்கிறது. பொய் சொல்லக்கூடிய அழகுக்குப் புள்ளியில்லை. இது எனக்கு மிகவும் பிடித்த விதி.

மெம்பிஸ் நகரில் 1978 முதல் நடந்துவரும் போட்டியில் வேறொரு வழக்கமும் உண்டு. பெயரில்லாப் பெட்டி ஒருபுறமிருக்க, நடுவர்கள் சமைத்தவரின் இடத்துக்கே போவார்கள். அவர் மேசை விரித்து, எப்படிச் சமைத்தார் என்று விளக்கவேண்டும். பேச்சு வன்மை உள்ளவர்களுக்கு அது நல்லது. எங்கள் பெண்களில் பலர், அதிலும் தனியே குடும்பத்தைச் சுமப்பவர்கள், நாலு பேர் முன்னால் குரல் எழும்பாமல் நிற்பவர்கள். அவர்களுக்குப் பெயரில்லாப் பெட்டியே பாதுகாப்பு என்பேன்.

எனவே அடுத்தமுறை போட்டிக்குப் பெயர் கொடுக்குமுன் சங்கச் செயலாளரிடம் கேளுங்கள்: தோற்றத்துக்கு எத்தனை புள்ளி? பெயரா, இலக்கமா? எல்லோருக்கும் ஒரேமாதிரித் தட்டை நீங்களே தருவீர்களா? பனையோலை எங்கும் உண்டு. எல்லோருக்கும் ஒரே அளவில் தட்டுவம் இழைத்துக் கொடுத்தால் பீங்கான் தட்டுப் பிரச்சினையே இல்லை.

உங்கள் பங்குக்குச் செய்யக்கூடியதும் உண்டு, காசு செலவில்லை. சுட்ட மீனாயின் முறித்து அடுக்காமல் முழுதாய் வையுங்கள். சுடுமுன் இரு பக்கமும் ஒரே இடைவெளியில் கீறுங்கள். ஒட்டிய சாம்பலைத் துடைத்துவிடுங்கள். பனங்காய்ப் பணியாரம் ஒரே பருமனில் இருக்கட்டும், எண்ணெய் வடியவிட்டு அடுக்குங்கள். கூழ்தான் கொஞ்சம் சங்கடம். அதிலுள்ள நண்டும் மீனும் பயற்றங்காயும் மூழ்கிப்போகும், நடுவர் கண்ணுக்குத் தெரிவது பழுப்பு நிறம் மட்டுமே. பிளாவில் வார்த்தபின் ஒரு நண்டுக்காலையும் இரண்டு பயற்றங்காய்த் துண்டையும் மேலே தெரியும்படி வைத்து, ஓரத்தில் சிந்தியதைத் துணியால் ஒற்றி, ஆவி பறக்கும்போதே கொண்டுபோய் வையுங்கள்.