வரைபடத்தில் ஒரு பச்சைக் கோடு

முப்பத்திரண்டு வருடம் நில அளவைத் துறையில் சங்கிலி இழுத்தவன் நான். அடுத்தவர் வயலில் கால் வைக்கும் முன் தலையாரியைத் தேடிப் பழகியவன். அதனால்தான் வடக்கு இங்கிலாந்தில், கிரேட் ஏட்டன் என்ற ஊரைத் தாண்டியதும், மாடுகள் மேய்ந்துகொண்டிருந்த ஒரு நிலத்துக்குள் மகள் சர்வ சாதாரணமாகக் கதவைத் திறந்துகொண்டு போனபோது நான் வெளியிலேயே நின்றுவிட்டேன்.

"பட்டா நிலம் மாதிரி இருக்கேம்மா. ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போவோம்."

"யார்கிட்டயும் கேட்க வேண்டாம்ப்பா. பாதை இருக்கு, பாருங்க" என்று கதவுத்தூணைக் காட்டினாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் தகடு. அதில் மஞ்சள் அம்புக்குறி. அதுதான் அனுமதிச் சீட்டு.

மகளுக்கு மிடில்ஸ்பரோவில் வேலை. மூன்று மாதம் அவளோடு இருக்கப் போயிருந்தேன். ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஒரு சுத்து நடந்துட்டு வரலாம்" என்று கூட்டிப்போனாள். கிரிவலம் மலையைச் சுற்றும். இந்தச் சுற்று மலை மேலேயே ஏறி இறங்கி, புறப்பட்ட ஊருக்குத் திரும்பி வரும். தூரம் சுமார் 12 கிலோமீட்டர். நடுத்தரமான நடை என்பார்கள். கயிறு பிடித்து ஏறும் இடமெல்லாம் கிடையாது. ஆனால் மூச்சு வாங்காமலும் இருக்காது. இளவட்டங்கள் நான்கு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். என் முழங்காலுக்கு ஐந்தரை மணி நேரம் ஆனது.

மகள் கையில் ஆர்டனன்ஸ் சர்வே வெளியிட்ட வரைபடம். வாங்கிப் பார்த்தேன். தொழில் புத்தி விடுமா? நான்கு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர் என்ற அளவு. ஒவ்வொரு வயலின் கல்சுவரும் அதில் இருக்கிறது. வயல்களுக்கு நடுவே பச்சை நிறத்தில் துண்டு துண்டான கோடுகள் ஓடுகின்றன. அவை பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகள். நிலம் யாருடையதாகவும் இருக்கட்டும், அந்தக் கோட்டின் மேல் யாரும் நடக்கலாம்.

1949இல் வந்த ஒரு சட்டம், இந்தப் பாதைகளையெல்லாம் பதிவுசெய்து வரைபடம் தயாரிக்கும் வேலையை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. வயலின் குறுக்கே போகும் நடைபாதையை விவசாயி உழலாம். ஆனால் 14 நாட்களுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு மிதித்துச் சமப்படுத்தி, பாதை தெரியும்படி விடவேண்டும். மகள் இதைச் சொன்னபோது நான் சிரித்தேன். நான் அளந்த ஒரு கிராமத்தில் புலப்படத்தில் வண்டிப்பாதை இருந்தது. மண்ணில் வாழைத்தோப்பு இருந்தது. கோட்டைக் காட்டிக் கேட்டதற்கு, "அந்தக் காலத்துல போட்டது சார்" என்றார்கள்.

ரயில் பாதையைக் கடந்து, காட்டுக்குள் ஏறினோம். முதல் ஏற்றமே கடுசுதான். மரங்கள் முடிந்த இடத்தில் சட்டென்று வானம் திறந்தது. முன்னால் ஒரு கல்தூண். கேப்டன் குக்கின் நினைவுத்தூண், 51 அடி உயரம், 1827இல் எழுப்பியது. ஈஸ்பி மூர் என்ற இந்த மேடு கடல் மட்டத்திலிருந்து 324 மீட்டர்.

ஜேம்ஸ் குக் பக்கத்து ஊரான மார்ட்டனில் 1728இல் பிறந்தவர். எட்டு வயதில் குடும்பம் இந்த மலையடிவாரப் பண்ணைக்கு வேலைக்கு வந்தது. பையனின் பள்ளிச் செலவைப் பண்ணை முதலாளி ஏற்றுக்கொண்டார். அந்தப் பள்ளிக்கூடம் கிரேட் ஏட்டனில் இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. பசிபிக் பயணங்களுக்கு முன்பே நியூஃபவுண்ட்லாந்து கடற்கரையை வருடக்கணக்கில் அளந்து வரைந்தவர் குக். நம்ம தொழில்காரர். அளந்து போனவன் பின்னால் வரிவாங்குகிறவனும் வேலி போடுகிறவனும் வருவார்கள் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். குக் வந்திறங்கிய ஆஸ்திரேலியாவின் பழங்குடிகளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

தூணுக்கு அப்பால் விரிந்து கிடப்பதைத்தான் 'மூர்' என்கிறார்கள். மரமில்லாத மேட்டுநிலம். கீழே மக்கிய செடிகள் ஊறிய கறுப்பு மண். மேலே முழங்கால் உயரத்துக்கு ஹெதர் என்ற புதர். ஆகஸ்டில் அது பூக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் கத்தரிப்பூ நிறத்தில் நிலம் போர்த்திக் கிடந்தது. குனிந்து ஒரு கிளையைப் பிடித்துப் பார்த்தேன். தண்டு கம்பிபோல விறைப்பு. இலை மிகச் சிறியது. பூ ஒவ்வொன்றும் கடுகைவிடச் சற்றுப் பெரிய மணி. ஒரு கிளையில் எண்ணத் தொடங்கி அறுபதுக்கு மேல் விட்டுவிட்டேன். தேனீக்களின் இரைச்சல் காதருகே வந்து வந்து போனது.

மனிதன் கைபடாத இடம் என்று நினைத்தேன். அது தப்பு. ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் இங்கே காடு இருந்தது. வெண்கலக் காலத்திலேயே மக்கள் அதை வெட்டித் திருத்தினார்கள். பிறகு ஆடு மேய்த்து மேய்த்து மரம் திரும்ப எழவில்லை. இன்று குளிர்காலத்தில் ஹெதரைப் பாத்தி பாத்தியாக எரிக்கிறார்கள். எரித்த இடத்தில் இளந்தளிர் வரும். அதைத் தின்று கிரவுஸ் என்ற கௌதாரி இனப் பறவை பெருகும். ஆகஸ்ட் 12 முதல் காசு கட்டி அதைச் சுடுவார்கள். அதனால்தான் மேலிருந்து பார்த்தால் மூர் ஒட்டுப்போட்ட துணிபோலத் தெரிகிறது. புதருக்குள்ளிருந்து ஒன்று படபடவென்று எழும்பி, விரட்டுகிற தொனியில் கத்திக்கொண்டே தாழப் பறந்தது. நான் பதறிப்போய்க் காலைத் தவறான இடத்தில் வைத்தேன். கான்வாஸ் ஷூ கணுக்கால்வரை கறுஞ்சேற்றில் போனது. பார்த்தால் காய்ந்த புல், அடியில் ஊற்று.

வேட்டைக்காரர்களுக்காகவே மூர்களைப் பூட்டி வைத்திருந்த காலமும் உண்டு. 1932இல் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். 2000இல் வந்த சட்டம்தான் இங்கிலாந்து, வேல்ஸ் மூர்களில் பெரும்பகுதியைப் பாதையை விட்டு விலகியும் நடக்கத் திறந்துவிட்டது. வரைபடத்தில் அந்த இடங்களுக்கு மஞ்சள் பூசியிருக்கிறார்கள்.

கிரிப்டேல் கேட் என்ற கணவாய்க்கு இறங்கி, எதிர்ப்பக்கம் படியேறி, மூரின் ஓரமாகவே நடந்தோம். இது கிளீவ்லாண்ட் வே என்ற 109 மைல் நெடும்பாதையின் ஒரு துண்டு. ஒரு கதவைத் தாண்டியதும் எதிரே ரோஸ்பெர்ரி டாப்பிங் நின்றது. 320 மீட்டர்தான். ஆனால் ஒருபக்கம் கத்தியால் அரிந்தாற்போல நிற்பதால் பெரிய மலையென்று மிரட்டும். முன்பு இது முழுக் கூம்பு. 1912இல் ஒருபக்கம் சரிந்து விழுந்தது. அடியில் இரும்புத்தாது தோண்டியதும், பாறையிலேயே இருந்த பிளவும் காரணம் என்கிறார்கள்.

கல் பாவிய படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். உச்சியில் இடுப்புக்கு மேல் உயரத்தில் ஒரு கான்கிரீட் தூண். மற்றவர்கள் அதில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கையால் தடவிப் பார்த்தேன். மேலே பித்தளையில் மூன்று பள்ளம். கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டின் மூன்று கால்களையும் வைக்கிற இடம்! 1936இல் தொடங்கிய முக்கோண அளவைக்காக நாடு முழுக்க இப்படி ஆயிரக்கணக்கில் தூண் நட்டார்கள். ஒரு தூணிலிருந்து இன்னொன்றைக் குறிபார்த்து, கோணம் எடுத்து, நாட்டையே வலைபோலப் பின்னினார்கள். செயற்கைக்கோள் வந்தபின் இவை ஓய்வுபெற்றுவிட்டன, என்னைப்போல.

ஒருபுறம் டீஸ் ஆற்று முகத்தில் தொழிற்சாலைகள், அப்பால் வடகடல். தென்மேற்கே சமவெளி. அந்தத் திசையில் முப்பது கிலோமீட்டருக்குள்தான் நார்தாலர்டன். அதன் அருகே ஒரு பண்ணையில் பிறந்தவர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல் 10 அன்று, நம் பரங்கிமலை அருகே அளவைக்கு ஆதாரமான அடிக்கோடு அளக்கத் தொடங்கி, இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு வித்திட்டவர். அந்த அடிக்கோட்டின் நீளமும் சுமார் 12 கிலோமீட்டர்தான். 1808இல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் கயிறு கட்டி ஏற்றும்போது, கயிறு அறுந்து கருவி மோதி நசுங்கியது. மனிதர் பல வாரம் உட்கார்ந்து அதைத் தட்டிச் சரிசெய்தார். பயிற்சிக் காலத்தில் எங்களுக்குச் சொன்ன கதை. அவர் பிறந்த திசையைப் பார்த்து, அவர் தொழிலைச் செய்து ஓய்ந்த ஒருவன் கையெடுத்துக் கும்பிட்டான். மகள் கேலி செய்யவில்லை.

இறங்கும்போது முழங்கால் அழுதது. பழைய கல்மண்டபம் ஒன்றைத் தாண்டி, குக் வளர்ந்த பண்ணையின் பக்கமாகவே பாதை ஊருக்குப் போகிறது. அங்கேயும் வீட்டுக்காரர் வாசலை ஒட்டித்தான் நடக்கிறோம். யாரும் நம்மை ஏனென்று கேட்கவில்லை. நாமும் கதவை மூடிவிட்டு வரவேண்டும், அவ்வளவே.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மிடில்ஸ்பரோவிலிருந்து ரயிலிலேயே கிரேட் ஏட்டன் போகலாம். ஆகஸ்ட் கடைசி ஹெதருக்கு. மே மாதம் மலையடிக் காட்டில் நீலமணிப் பூக்களுக்கு. கணுக்காலை மூடும் பூட்ஸ், மழைக்கோட்டு, காகித வரைபடம் மூன்றும் வேண்டும். மேட்டில் மேகம் இறங்கினால் பத்தடி தள்ளியிருப்பது தெரியாது.

போகாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நிலத்தின் புலப்படம் இன்று இணையத்திலேயே கிடைக்கிறது. எடுத்துப் பாருங்கள். வண்டிப்பாதை, நடைபாதை என்று ஒரு கோடு இருக்கலாம். ஒருநாள் காலை அதைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். பாதை இருந்தால் அடிக்கடி நடங்கள். இல்லையென்றால் தாலுகா அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள்.