ஏழு மணி நேரம் தூங்கியும் தீராத அசதி, மிரட்டும் கனவுகள்: மனநல மாத்திரைகள் தூக்கத்தை என்ன செய்கின்றன?

அதிகாலை நாலரை மணி. இறந்துபோன தாத்தா வாசலில் நின்று கூப்பிடுகிறார். அடுத்த காட்சியில் பரீட்சை ஹால். கேள்வித்தாளில் ஒரு எழுத்துகூட இல்லை. அலுவலக லிஃப்ட் கதவு திறந்தால் வெளியே கடல். திடுக்கிட்டு எழுந்தால் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கிறது. கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச் ‘ஏழு மணி நேரத் தூக்கம்’ என்கிறது. உடம்போ ராத்திரி முழுக்க மூட்டை தூக்கியதுபோல் வலிக்கிறது.

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை எடுக்கத் தொடங்கியவர்களில் பலர் முதல் சில வாரங்களில் சொல்லும் அனுபவம் ஏறக்குறைய இதுதான். “தூங்குறேன் டாக்டர். ஆனா தூங்கின மாதிரியே இல்ல” என்பது அதன் சுருக்கம். சிலர் மொபைலில் ‘இறந்தவர் கனவில் வந்தால் என்ன பலன்’ என்று தேடுகிறார்கள். வீட்டில் சொன்னால், “அந்த மாத்திரைய மொதல்ல நிறுத்து” என்பார்கள். யாரிடமும் சொல்லாமல் தாங்களாகவே நிறுத்திவிடுபவர்களும் உண்டு.

சிக்கல் அங்கேதான் பெரிதாகிறது. நிறுத்திய சில நாள்களில் கனவுகள் குறைவதற்குப் பதிலாக இன்னும் மூர்க்கமாக வரலாம். இது ஏன்? கனவுக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்? அசதிக்குக் காரணம் மாத்திரை மட்டும்தானா?

விடியற்காலைக் கனவின் ரகசியம்

1953ஆம் ஆண்டு, சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி, நதானியேல் கிளைட்மேன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைப் பதிவுசெய்தார்கள். தூங்குபவரின் மூடிய இமைக்குள் கண்கள் அவ்வப்போது வேகமாக அங்குமிங்கும் ஓடுகின்றன. அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலானோர் கனவு கண்டுகொண்டிருந்ததாகச் சொன்னார்கள். கண் வேகமாக அசையும் இந்தக் கட்டம்தான் ‘ரெம்’ தூக்கம்.

ராத்திரித் தூக்கம் ஒரே சீராக ஓடுவதில்லை. சுமார் 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்று என நாலைந்து சுற்றுகள் வருகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஆழ்ந்த தூக்கமும் ரெம் தூக்கமும் மாறி மாறி வரும். முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். ரெம் சில நிமிடங்கள்தான். விடியும் நேரத்தில் நிலைமை தலைகீழ். ரெம் நீண்டுகொண்டே போகும். பெரியவர்களின் மொத்தத் தூக்கத்தில் ரெம்மின் பங்கு 20 முதல் 25 சதவீதம்.

‘விடியற்காலைக் கனவு பலிக்கும்’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதுண்டு. பலிக்குமோ இல்லையோ, விடியற்காலைக் கனவு நன்றாக நினைவில் நிற்கும். ரெம் நீளமாக இருக்கும் நேரமும் அதுதான், நாம் விழித்துக்கொள்ளும் நேரமும் அதுதான். கனவுக்கு நடுவே விழித்தால்தான் கனவு ஞாபகத்தில் தங்கும். மாத்திரை விஷயத்தைப் புரிந்துகொள்ள இந்தக் குறிப்பு முக்கியம்.

மாத்திரை எங்கே குறுக்கிடுகிறது?

ரெம் தூக்கத்தின்போது மூளையில் செரட்டோனின், நார்அட்ரினலின் ஆகிய ரசாயனங்களைச் சுரக்கும் செல்கள் கிட்டத்தட்ட மௌனமாகிவிடும். அந்த அமைதி இருந்தால்தான் ரெம் முறையாக வரும்.

இன்று மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அதிகம் எழுதித் தரப்படும் எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின், ஃபுளூவாக்ஸெட்டின், பாராக்ஸெட்டின் போன்றவை எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள். சுரந்த செரட்டோனினைச் செல்கள் உடனே திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் தடுப்பது இவற்றின் வேலை. இதனால் ராத்திரியிலும் செரட்டோனினின் தாக்கம் நீடிக்கிறது. மௌனமாக இருக்க வேண்டிய நேரத்தில் இரைச்சல். விளைவு, ரெம் தூக்கம் தாமதமாக வருகிறது, நேரமும் குறைகிறது. வென்லாஃபாக்ஸின் போன்ற மாத்திரைகளும், அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மாத்திரைகளும் இதையே செய்கின்றன.

ரெம் குறைந்தால் கனவும் குறையத்தானே வேண்டும்? ஒருவகையில் அப்படித்தான். இந்த மாத்திரைகளை எடுப்பவர்கள் ஞாபகம் வைத்துச் சொல்லும் கனவுகளின் எண்ணிக்கை குறைவதாகவே பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால், ஞாபகத்தில் நிற்கும் கனவுகள் முன்பைவிட அழுத்தமாக, நிஜம்போல இருப்பதாக எடுப்பவர்கள் சொல்கிறார்கள்.

இதற்கு இரண்டு விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, இந்த மாத்திரைகள் சிலருக்குத் தூக்கத்தைத் துண்டு துண்டாக்குகின்றன. காலையில் நினைவில்கூட இல்லாத அளவுக்குச் சின்னச் சின்ன விழிப்புகள். கனவின் நடுவே விழிப்பு வந்தால் அந்தக் கனவு பதிந்துவிடுகிறது. இன்னொன்று, அமுக்கப்பட்ட ரெம் சும்மா இருப்பதில்லை. மருந்தின் பிடி தளரும்போது, விட்டதைப் பிடிக்க வேகமாகத் திரும்பி வருகிறது.

நிறுத்தினால் ஏன் இன்னும் மோசமாகிறது?

அடைத்துவைத்த மதகைச் சட்டென்று திறந்தால் என்ன ஆகும்? மாத்திரையைத் திடீரென நிறுத்தும்போது தூக்கத்தில் நடப்பதும் அதுதான். பல வாரங்களாக அமுங்கியிருந்த ரெம் மொத்தமாகப் பாய்கிறது. நீளமான, பயங்கரமான கனவுகள் வருகின்றன. கூடவே தலைச்சுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் லேசாக ‘ஷாக்’ அடிப்பதுபோன்ற உணர்வு ஆகியவையும் வரலாம்.

எல்லா மாத்திரைக்கும் இது ஒரே அளவில் இருக்காது. வென்லாஃபாக்ஸின், பாராக்ஸெட்டின் ஆகியவை உடலிலிருந்து சீக்கிரம் வெளியேறுபவை. ஓரிரு வேளை தவறினாலே சிலருக்குத் தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து ஊருக்குப் போகும் அவசரத்தில் மாத்திரை அட்டையை ரூமிலேயே விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை “என்னமோ மாதிரி இருக்கு” என்று படுத்துக்கிடப்பவர்கள் இதை அறிவார்கள். ஃபுளூவாக்ஸெட்டின் வாரக்கணக்கில் உடலில் தங்கும் என்பதால் அதில் இந்தத் தொல்லை குறைவு.

குளோனாசிபாம், ஆல்பிரசோலாம் போன்ற மாத்திரைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. பல வாரங்கள் தொடர்ந்து எடுத்துவிட்டு இவற்றைச் சட்டென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டோஸைப் படிப்படியாகக் குறைப்பதுதான் வழி. எத்தனை நாளில், எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அசதி எங்கிருந்து வருகிறது?

எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போட்டுவிட முடியாது. அசதிக்குக் குறைந்தது நான்கு வாசல்கள் உண்டு.

முதலாவது, மாத்திரையேதான். சளிக்கு மாத்திரை போட்டால் கண் சொக்குமே, அதே காரணம். மிர்ட்டாஸபின், குட்டியாபின், ஓலன்ஸபின், அமிட்ரிப்டிலின் போன்றவை மூளையை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமினைத் தடுக்கின்றன. தூக்கம் வராதவருக்கு அது வரம். ஆனால், மறுநாள் பகல் வரை மந்தம் நீண்டால் தொல்லை.

இரண்டாவது, துண்டான தூக்கம். படுக்கையில் கழித்த நேரம் ஏழு மணி நேரமாக இருக்கலாம். நடுநடுவே அறுந்துகொண்டே இருந்தால் உடம்பு அதை ஓய்வாக எடுத்துக்கொள்ளாது.

மூன்றாவது, நோயேதான். அசதி மனச்சோர்வின் முக்கிய அறிகுறிகளில் ஒன்று. மனநிலை கொஞ்சம் தேறிய பிறகும் கடைசியாக விட்டுப்போகும் அறிகுறியாக அது இருக்கலாம். பொதுவாக இந்த மாத்திரைகளின் பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் நோயின் அசதியும் மருந்தின் அசதியும் சேர்ந்து அழுத்துகின்றன. “மாத்திரை போட்டதுக்கு அப்புறம்தான் ரொம்ப மோசமாயிடுச்சு” என்று பலர் கைவிடும் கட்டம் இதுதான்.

நான்காவது, மனநலத்துக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டில் இது 53 சதவீதம். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, சர்க்கரை நோய், குறட்டையோடு மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியா எனப் பட்டியல் நீள்கிறது. சில நேரம் இரண்டும் பின்னிக்கொள்ளும். லித்தியம் எடுப்பவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறையலாம். எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகள், குறிப்பாக வயதானவர்களுக்கு, ரத்தத்தில் சோடியம் அளவைக் குறைக்கலாம். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் இவற்றில் பலவும் தெரிந்துவிடும்.

மற்ற மாத்திரைகளையும் பாருங்கள்

கெட்ட கனவுக்குக் காரணம் மனநல மாத்திரையாக இல்லாமல் பக்கத்து அட்டையாகவும் இருக்கலாம். ஒற்றைத் தலைவலிக்கும் படபடப்புக்கும் தரப்படும் புரோப்ரனலால் கெட்ட கனவுகளைத் தரக்கூடியது. ஆஸ்துமா, அலர்ஜிக்குத் தரப்படும் மான்டெலுகாஸ்ட் மாத்திரைக்கும் இந்தக் குணம் உண்டு. அதன் மனநலப் பக்கவிளைவுகள் குறித்து அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2020இல் கடுமையான எச்சரிக்கை வெளியிட்டது.

மதுவும் ரெம் தூக்கத்தை அமுக்கும். பின்னிரவில் அதன் வேகம் இறங்கும்போது கனவும் விழிப்பும் கூடும். மாத்திரையின் மந்தத்தோடு மது சேர்வது ஆபத்தும்கூட. மாலையில் குடிக்கும் காபி பின்னிரவு வரை உடலில் தங்குவது தெரிந்ததுதான். ஓ.சி.டி.க்குத் தரப்படும் ஃபுளூவாக்ஸமின் எடுப்பவர்களுக்கு, உடலிலிருந்து காஃபின் வெளியேறவே மிகவும் தாமதமாகும். வழக்கமான ஒரு டம்ளர் காபிகூட அவர்களுக்கு அதிகமாகிவிடலாம்.

இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது

பெரும்பாலானோருக்கு விசித்திரக் கனவுகள் தொல்லைதான், ஆபத்தில்லை. சில வாரங்களில் தணிந்துவிடுவதும் உண்டு. ஆனால், கீழே உள்ளவை வேறு ரகம். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

• கனவில் நடப்பதைக் கை, கால் வீசி நிஜமாகவே செய்வது. பக்கத்தில் படுத்திருப்பவரை உதைப்பது, கட்டிலிலிருந்து விழுவது. ரெம் நேரத்தில் உடல் தசைகள் செயலற்று இருக்க வேண்டும். அந்தப் பூட்டு சிலருக்கு இந்த மாத்திரைகளால் கழன்றுகொள்ளும்.

• தாங்க முடியாத பரபரப்பு, தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம். மாத்திரை தொடங்கிய அல்லது டோஸ் மாற்றிய முதல் வாரங்களில், குறிப்பாக 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம், வீட்டில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

• குழப்பம், கடும் தலைவலி, வாந்தியுடன் கூடிய சோர்வு.

• பகலில் கண் சொக்குவது. இந்த நிலையில் பைக் ஓட்டக் கூடாது.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

கூட்டமான ஓ.பி.யில் கிடைப்பது சில நிமிடங்கள்தான். “கனவு வருது, டயர்டா இருக்கு” என்று மட்டும் சொன்னால் “போகப்போகச் சரியாயிடும்” என்ற பதிலோடு முடிந்துவிடலாம். ஒரு வாரம் மொபைலில் நாலு விஷயம் குறித்து வைத்துக்கொண்டு போனால் பேச்சு மாறும்: மாத்திரை போட்ட நேரம், படுத்த நேரம், ராத்திரி விழித்த தடவைகள், பகலில் அசதி அதிகமாக இருந்த நேரம். எடுக்கும் எல்லா அட்டைகளையும் போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

“மாத்திரைய ராத்திரி 10 மணிக்குப் போடுறேன், மூணு மணியிலேருந்து கனவும் முழிப்புமா இருக்கு, மறுநாள் மத்தியானம் வரைக்கும் மந்தமா இருக்கு” என்று சொன்னால் மருத்துவருக்குப் பிடி கிடைக்கும். ராத்திரி போடுவதைக் காலைக்கு மாற்றலாம், மந்தம் தரும் மாத்திரையானால் ராத்திரியில் சீக்கிரமே போடச் சொல்லலாம், டோஸைக் குறைக்கலாம், ரெம்மை அவ்வளவாகத் தொடாத வேறு மருந்துக்கு மாற்றலாம். ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தால், அதன் முடிவைப் பகலில் வேறு மாதிரி எழுதி மனதுக்குள் ஓட்டிப் பார்க்கும் பயிற்சியும் இருக்கிறது. இவற்றில் எதையும் தானாகச் செய்துகொள்ளாமல் கேட்டுச் செய்வதே பாதுகாப்பு.

2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. அத்தனை தயக்கத்தையும் தாண்டி மாத்திரை வரை வந்த ஒருவர், இரண்டு கெட்ட கனவுகளுக்குப் பயந்து திரும்பிப் போவது பெரிய இழப்பு.

மருத்துவரைப் பார்க்க நாளாகும் என்றால் ஒன்றிய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். “மாத்திரைய மொதல்ல நிறுத்து” என்று சொல்பவர்கள், “மொதல்ல டாக்டர்கிட்ட சொல்லு” என்று மாற்றிச் சொன்னால் அதுவே பெரிய உதவி.