மாணவன் மனத்தைக் காட்டிய படங்கள்

கோடையில் வெயில் ஏன் கடுமையாக இருக்கிறது, குளிர்காலத்தில் அது ஏன் தணிந்துவிடுகிறது, சந்திரன் வளர்வதும் தேய்வதும் எதனால் என்ற இந்தச் சாதாரணக் கேள்விகளை, அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் பட்டமளிப்பு விழா நடந்த தினத்தன்று, அங்கியணிந்து பெருமிதத்தோடு உலவிக்கொண்டிருந்த பட்டதாரிகளையும், பழைய மாணவர்களையும், அவர்களுக்குக் கற்பித்த ஆசிரியர் சிலரையும் நிறுத்தி, ஒரு படப்பிடிப்புக் குழுவினர் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்கள் 23 பேர். எவரையும் பொறுக்கி எடுக்கவில்லை, எதிர்ப்பட்டவர்களையே கேட்டார்கள். அவர்களுள் 21 பேர் கூறிய விளக்கம் பிழையாக இருந்தது. பூமி சூரியனை நெருங்கும்போது கோடை வருகிறது, விலகும்போது குளிர் வருகிறது என்று பருவங்களைப் பற்றி அவர்கள் சிறிதும் தயக்கமின்றி, முகமலர்ச்சியோடு, கைகளால் ஆகாயத்தில் வட்டம் போட்டுக் காட்டியே சொன்னார்கள்.

உண்மை வேறு. பூமியின் அச்சு ஏறத்தாழ இருபத்துமூன்றரைப் பாகை சாய்ந்திருப்பதனால், வருஷத்தின் ஒரு பாதியில் வட கோளார்த்தமும் மறுபாதியில் தென் கோளார்த்தமும் சூரியனை நோக்கிச் சாய்கின்றன. சாய்ந்த பக்கத்தில் கதிர்கள் கூடுதல் செங்குத்தாக விழுகின்றன, பகலும் நீளுகிறது. தூரத்துக்கும் பருவத்துக்கும் உள்ள சம்பந்தம் மிக அற்பமானது. பூமி சூரியனுக்கு மிக அருகில், அதாவது சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில், இருப்பது ஜனவரி மாதத்தின் முதல் வாரத்தில். மிகத் தொலைவில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், செல்வது ஜூலை மாதத் தொடக்கத்தில். நம் ஊர்களில் மார்கழிப் பனிக்கு அஞ்சிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் அந்த நாட்களில்தான் சூரியன் நமக்கு மிக நெருக்கமாக இருக்கிறான் என்பதை நினைத்துப் பார்த்தால், ஹார்வர்டுப் பட்டதாரிகளின் விளக்கம் எவ்வளவு தூரம் பிசகியது என்பது விளங்கும்.

இந்தக் காட்சியோடு தொடங்கும் படத்தின் பெயர் ‘எ பிரைவேட் யூனிவர்ஸ்’. ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்தைச் சேர்ந்த மாத்யூ ஷ்னெப்ஸ், பிலிப் சாட்லர் என்ற இருவர் அதை 1987ஆம் ஆண்டு உருவாக்கினார்கள். சுமார் இருபது நிமிஷமே ஓடும் படம். எனினும் ஆசிரியர் பயிற்சிக்காக இதுகாறும் எடுக்கப்பட்ட படங்களுள் இதைக் காட்டிலும் பயன் மிகுந்த ஒன்றைச் சொல்வது அரிது என்பதே என் அபிப்பிராயம்.

இத்தகைய படங்களை அமெரிக்கப் பள்ளிகளுக்குப் பரப்பியதில் ஒரு தர்மஸ்தாபனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பத்திரிகை அதிபரும், பிரிட்டனில் அமெரிக்கத் தூதராக இருந்தவருமான வால்டர் அனென்பர்க், 1981ஆம் ஆண்டில், பொது ஒலிபரப்புக் கழகத்தின் வாயிலாகத் தொலைக்காட்சிக் கல்விக்கென 15 கோடி டாலரைப் பதினைந்து ஆண்டுகளில் வழங்குவதாக வாக்களித்தார். அந்தப் பொருளைக் கொண்டு முதலில் கல்லூரிப் பாடங்கள் எழுந்தன. கால்டெக் பேராசிரியர் டேவிட் குட்ஸ்டீன் நடத்திய பௌதிகப் பாடம் 52 பகுதிகளாக வந்தது. யேல் சர்வகலாசாலையின் பியர் காப்ரெட்ஸ் பிரெஞ்சு மொழியை ஒரு கதையாகவே நடத்திக் காட்டிய தொடரும் 52 பகுதிகளே. பௌதிகத் தொடரில் சூத்திரங்களின் எழுத்துகள் திரையில் தாமே நகர்ந்து இடம் மாறி விடையாக முடியும் சித்திரங்களைக் கணினியில் வரைந்தவர், வாயேஜர் விண்கலங்களின் பயணத்தை உலகுக்குச் சித்திரித்துக் காட்டிய ஜேம்ஸ் பிளின். அவை அழகு மிக்கவை. ஆனால் அவற்றிலெல்லாம் பேசுபவர் ஆசிரியர், மாணவர் கேட்டுக்கொண்டிருப்பவர்.

ஷ்னெப்ஸும் சாட்லரும் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். ஹார்வர்டிலிருந்து அவர்கள் அருகிலிருந்த ஓர் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்று, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், பாடம் தொடங்குமுன்பே, அதே கேள்விகளைக் கேட்டுப் படம் பிடித்தார்கள். அவர்களுள் ஒரு சிறுமி, வகுப்பிலேயே கெட்டிக்காரி என்று ஆசிரியை நம்பியிருந்தவள், பூமி சூரியனைச் சுற்றும் பாதையை வரையச் சொன்னபோது, வட்டத்தை வரையவில்லை. சுருண்டு சுருண்டு மடியும் விநோதமான ஒரு கோட்டை வரைந்தாள். அந்தக் கோடு எங்கிருந்து வந்தது? வேறொன்றை விளக்குவதற்காக ஒரு நூலில் அச்சாகியிருந்த படம் அவள் நினைவில் தங்கி, பூமியின் பாதையாக உருமாறியிருந்தது. இதை எந்த ஆசிரியரால் ஊகித்திருக்க முடியும்? தம் மாணவியின் விடைகளைத் திரையில் கண்ட ஆசிரியையும் திகைத்துப் போனார்.

பிறகு பாடம் நடந்தது. சிறுமி பாதையைத் திருத்திக்கொண்டாள். அச்சின் சாய்வையும் ஏற்றுக்கொண்டாள். ஆனால் ‘நேர்க்கதிர்’, ‘நேரல்லாத கதிர்’ என்று ஆசிரியை கூறியதை அவள் தனக்குரிய முறையில் பொருள்படுத்திக்கொண்டாள். நேரல்லாத கதிர் என்பது எங்கோ பட்டுத் தெறித்து வருகிற ஒளி என்று எண்ணி, அதையும் படமாக வரைந்து காட்டினாள். பழைய பிழை முழுதும் ஒழியாமல், புதிய பாடத்தின் சொற்களையே ஆடையாக உடுத்திக்கொண்டு உள்ளே அமர்ந்திருந்தது. ஒரு தேர்வுத்தாளில் இந்தப் பெண் ‘சாய்வு’, ‘நேர்க்கதிர்’ என்ற சொற்களை எழுதியிருந்தால் முழு மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும். பிழை யாருடைய கண்ணிலும் பட்டிருக்காது.

ஆசிரியர்கள் அறிய வேண்டிய முக்கியமான விஷயம் இதுவே என்று நான் கருதுகிறேன். பிள்ளைகள் வகுப்பறைக்கு வெறும் மனத்தோடு வருவதில்லை. அடுப்பை நெருங்கினால் சுடும், விலகினால் சுடாது என்ற வாழ்க்கை அனுபவம் ஒருபுறம். பக்கவாட்டிலிருந்து நோக்குவதுபோல் வரைந்ததனால் முட்டை வடிவமாக நீண்டுவிட்ட, பாடநூல்களில் காணும் பூமிப் பாதையின் படம் மறுபுறம். இரண்டும் சேர்ந்து ஒரு சித்தாந்தத்தை மாணவன் மனத்தில் முன்னரே கட்டி முடித்துவிடுகின்றன. அதை வெளியே வரவழைத்துப் பார்க்காமல் அதன்மேல் எவ்வளவு பாடத்தைச் சொன்னாலும் அது அசையாது.

இதே குழுவினர் 1997ஆம் ஆண்டு ‘மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்’ என்ற மூன்று பகுதித் தொடரை வெளியிட்டார்கள். புகழ் பெற்ற எம்.ஐ.டி. கழகத்தில் பட்டம் பெற்று வெளிவருபவர்களிடம் ஒரு பாட்டரியையும், ஒரு சிறு பல்பையும், ஒரு துண்டுக் கம்பியையும் கொடுத்து, விளக்கை எரிய வைக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும் என்று உடனே சொல்லிவிட்டு, கம்பியை இங்கும் அங்கும் வைத்துப் பார்த்து முகம் மாறுகிறவர்களை அதில் காணலாம். இன்னொரு பகுதியில் ஒரு சிறு விதையையும் ஒரு பெரிய மரக்கட்டையையும் காட்டி, இந்தக் கட்டையின் எடை எங்கிருந்து வந்தது என்று வினவுகிறார்கள். மண்ணிலிருந்து, நீரிலிருந்து என்று விடைகள் வருகின்றன. அதன் பெரும்பகுதி காற்றிலுள்ள கரியமிலவாயுவிலிருந்து வந்ததென்றால் அவர்களால் நம்ப முடிவதில்லை. ஒளிச்சேர்க்கை என்ற பாடத்தை அவர்கள் படிக்காதவர்கள் அல்லர். அந்தப் பாடத்தைக் கையிலிருக்கும் கட்டையோடு இணைத்துப் பார்க்கும்படி எவரும் கேட்டதில்லை.

பின்னர் அனென்பர்க் நிதியத்தின் ஆதரவில், சாதாரண வகுப்புகளில் கணிதமும் விஞ்ஞானமும் எப்படி நடக்கின்றன என்பதை அப்படியே காட்டும் படத்தொகுப்புகளும் வந்தன. ஆசிரியர்கள் குழுவாக அமர்ந்து, ஓரிடத்தில் படத்தை நிறுத்தி, இந்தக் குழந்தை ஏன் இப்படிச் சொன்னது, அடுத்து என்ன கேட்கலாம் என்று விவாதிப்பதற்காகவே அவை அமைந்தன. ஆராய்ச்சித் துறையிலும் இம்முறை பயன்பட்டது. 1995ஆம் ஆண்டு ஜேம்ஸ் ஸ்டிக்லர் தலைமையில் அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளில் எட்டாம் வகுப்புக் கணித வகுப்புகள் 231ஐப் படம் பிடித்து ஒப்பிட்டபோது, ஜப்பானிய ஆசிரியர் முறையைச் சொல்லித்தருமுன் கணக்கைக் கொடுத்துப் பிள்ளைகளையே முயலவிடுவதும், அவர்கள் கண்ட வழிகளைக் கரும்பலகையில் எழுதுவித்துப் பேசுவதும் பளிச்சென்று புலப்பட்டன. ஒரே பள்ளியில் பல்லாண்டு பணியாற்றியும் பக்கத்து வகுப்பினுள் ஒருநாளும் சென்று அமர வாய்ப்பில்லாத ஆசிரியருக்கு இப்படங்கள் எத்தகைய உபகாரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் இந்தச் சாதனம் புதிதன்று. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே கல்வி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. பள்ளி ஆசிரியர்களுக்கு விஞ்ஞானப் பயிற்சியும் அதன் மூலம் அளிக்கப்பட்டது. அந்த ஆறில் தமிழ்நாடு சேரவில்லை. 2019ஆம் ஆண்டில் நம் மாநிலத்துக்கென்றே கல்வித் தொலைக்காட்சி வந்தது; அதற்கு முன்பே பாடநூல்களின் பக்கங்களில், கைப்பேசியை நீட்டினால் காணொளி திறக்கும் குறியீடுகளும் ஏறிவிட்டன. இவை நல்ல முயற்சிகள். ஊரடங்குக் காலத்தில் வீட்டிலிருந்த பிள்ளைகளுக்குப் பெரிதும் உதவியவை. எனினும் இவற்றுள் பெரும்பாலானவை பாடத்தை மாணவனுக்கு எடுத்துரைக்கும் படங்கள். மாணவன் பேச, ஆசிரியர் உட்கார்ந்து பார்க்கும் படங்கள் நமக்குத் தமிழில் ஏராளமாக வேண்டும்.

அதற்குப் பெரிய கலைக்கூடமோ கோடிக்கணக்கான பொருளோ தேவையில்லை. இந்தக் கட்டுரையை வாசிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும், அடுத்த பாடத்தைத் தொடங்குமுன், பெற்றோரின் சம்மதத்தைப் பெற்று, மூன்று நான்கு பிள்ளைகளைத் தனித்தனியே அழைத்து, கத்திரி வெயில் ஏன் சுடுகிறது, வேப்பமரத்தின் எடை எங்கிருந்து வந்தது என்று கேட்டு, திருத்தாமலும் குறுக்கிடாமலும் அவர்கள் சொல்வதையும் வரைவதையும் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்; பாடம் முடிந்தபின் அதே கேள்விகளை மறுபடி கேளுங்கள். இரண்டு பதிவுகளையும் அடுத்த குறுவளமையக் கூட்டத்துக்கு எடுத்துச் சென்று, சக ஆசிரியர்களோடு சேர்ந்து பாருங்கள்.