லேசர் வெல்டிங் வேலையா? கண்ணாடியில் உள்ள நம்பரை பாருங்க!

கோவை,

கோவையில் சின்ன பட்டறைகளுக்கு கூட கையில் பிடித்து அடிக்கும் லேசர் வெல்டிங் மிஷின் வந்து விட்டது. எஸ்.எஸ். கேட், கிரில் வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் கண்ணுக்கு போடும் கண்ணாடியில் கோட்டை விட்டால் பார்வையே போய் விடும்.

வலிக்காமல் சுடும்

இந்த மிஷினில் வருவது பைபர் லேசர். அலைநீளம் சுமார் 1,064 முதல் 1,080 நானோமீட்டர். இந்த கதிர் கண்ணுக்கு தெரியாது. கண்ணில் படும் வெளிச்சம் உருகும் உலோகத்தோடது தான். கதிர் பளபளப்பான தகட்டில் பட்டு தெறித்து கண்ணுக்குள் போனால், விழித்திரையில் ஒரே புள்ளியாக குவிந்து சுட்டு விடும். விழித்திரைக்கு வலி தெரியாது. பார்வையில் கரும்புள்ளி விழுந்த பிறகு தான் விஷயமே தெரியும். போன பார்வை பெரும்பாலும் திரும்பாது.

கலரை நம்பாதீங்க

"பச்சை கண்ணாடி இருக்கே, போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. சாதாரண வெல்டிங் கருப்பு கண்ணாடியும் லேசருக்கு ஆகாது. அக்ரிலிக் வெட்டும் சி.ஓ.2 லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். அதற்கான கண்ணாடியை பைபர் மிஷினுக்கு போட்டால் கதிர் நேராக உள்ளே போகலாம்.

பார்க்க வேண்டியது கண்ணாடியில் அச்சடித்திருக்கும் நம்பரைத்தான். மிஷின் லேபிளில் உள்ள அலைநீளம் அதற்குள் அடங்க வேண்டும்.

அடுத்து ஓ.டி. நம்பர். ஓ.டி. 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கதிர் உள்ளே வரும். ஓ.டி. 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 1,500 வாட் கதிர் முழுசாக பட்டால் ஓ.டி. 4 கண்ணாடி வழியாக 150 மில்லிவாட் வரும். அதுவே கண்ணை கெடுக்க போதும். ஓ.டி. 6 என்றால் ஒன்றரை மில்லிவாட் தான்.

உருகாமல் நிற்குமா?

கதிரை தடுத்தால் மட்டும் போதாது, கண்ணாடியும் ஓட்டை விழாமல் தாங்கணும். ஐரோப்பாவின் இ.என். 207 தரத்தில் கண்ணாடி மீது 5 வினாடி லேசரையே அடித்து பார்க்கிறார்கள். தேறினால் 'எல்.பி.' என்ற எழுத்தோடு நம்பர் போடுவார்கள். எழுத்தும் நம்பரும் இல்லாத கண்ணாடியை வாங்காதீங்க. கீறல், விரிசல் விழுந்ததை தூக்கி போடுங்க.

நல்ல கண்ணாடி போட்டாலும் கதிரை நேராக பார்க்கக் கூடாது. பக்கத்தில் நிற்கும் ஹெல்பருக்கும் கண்ணாடி வேண்டும். கண்ணில் பட்டதாக சந்தேகம் வந்தால், வலி இல்லையே என்று இருக்காமல் அன்றைக்கே கண் டாக்டரை பாருங்க.