தீர்ப்பு வந்தாயிற்று, திறப்பு கைக்கு வந்ததா?

மன்னார் நகரில் ஒரு கடையறை, எருக்கலம்பிட்டியில் ஒரு வீடு, தாராபுரத்தில் ஒரு வளவு. சொத்து என்று சொல்லிக்கொள்ள நம்மில் பலருக்கு இருப்பது இவ்வளவுதான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எதை யாரிடம் விட்டுச் செல்கிறோம் என்று எழுதிவைக்க அவகாசம் இருக்கவில்லை. மன்னார்த் தீவிலிருந்து வள்ளமேறிக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் வந்தவர்களில் பலர் உறுதியைக்கூட எடுத்து வரவில்லை. 2009இல் போர் முடிந்து திரும்பிப் போனபோது சில வீடுகளில் வேறு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"இது வாப்பா கட்டிய வீடு" என்று சொன்னால் மட்டும் வீடு கைக்கு வந்துவிடாது. உறுதியைக் காட்டி உரித்தை நிரூபித்த பின்பும் ஒரு கேள்வி மிஞ்சும். உள்ளே இருப்பவர் எந்த வழியாக உள்ளே வந்தார்? வழக்கின் முடிவு பெரும்பாலும் இந்தப் பதிலில்தான் தங்கியிருக்கிறது.

வந்த வழி

வாடகைக்கு வந்தவர் என்றால் சொந்தக்காரரின் பக்கம் பலமானது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவரிடம் வாடகைக்குப் பெற்ற வீட்டில் இருந்துகொண்டே "உமக்கு இந்த வீட்டில் உரிமையில்லை" என்று அவரிடம் வாதாட முடியாது. பராமரிக்கும்படி ஒப்படைக்கப்பட்டவரின் நிலையும் ஏறக்குறைய இதுதான். நாகூதா மரிக்கார் வழக்கில் 1903இல் பிரிவி கவுன்சில் இதைத் தெளிவுபடுத்தியது. மற்றவருக்காகப் பொறுப்பேற்றவர் வெளிப்படையாக அந்த நிலையை மாற்றிக்கொள்ளும் வரை, அவர் அவருக்காகவே வைத்திருப்பதாகக் கொள்ளப்படும்.

கூட்டுச் சொத்துக்கும் இதே போக்கு உண்டு. நானா வீட்டில் இருந்தார், தங்கைமார் புத்தளத்தில் இருந்தார்கள் என்பதால் மட்டும் தங்கைமாரின் பங்கு போய்விடாது. 1911இல் பிரிவி கவுன்சில் தீர்த்த கொரேயா வழக்கு இதற்கு ஆதாரம். ஆனால் தங்கைமார் மிக நீண்ட காலம் வாய் திறக்காமல் இருந்தால், நீதிமன்றம் அந்த மௌனத்துக்கு வேறு பொருள் கொள்ளவும் இடமுண்டு.

வெறும் வீட்டுக்குள் தாமாகவே நுழைந்தவரின் விடயம் வேறு. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, சொந்தக்காரருக்கு எதிராக 10 ஆண்டுகள் இடையூறின்றி ஆண்டவர் அந்தச் சொத்தைத் தமதென்று கேட்கலாம். கடல் கடந்திருப்பவருக்கு அந்தச் சட்டம் சில சலுகைகளைத் தருகிறது. உள்நாட்டுக்குள்ளே விரட்டப்பட்டவரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. வழக்குரிமை பிறந்த வேளையில் சவூதியில் இருந்தவருக்குக் கிடைத்த சலுகை, அகதியாகப் புத்தளத்தில் இருந்தவருக்கு இல்லாமற் போனது.

இந்தக் குறையைத் தீர்க்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயல்களால் வழக்காட முடியாமல் போனவருக்கு எதிராக, அந்தக் காலம் கணக்கில் சேராது என்றது அது. ஆனால் சட்டம் வந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அந்த 2 ஆண்டுகளும் எப்போதோ கடந்துவிட்டன. இனி வழக்கிடுபவர், இருப்பவர் வந்த வழியைக் காட்டித்தான் பெரும்பாலும் வெல்ல வேண்டியிருக்கும். பழைய வாடகைப் பற்றுச்சீட்டு, கடிதம், சபை வரிச் சீட்டு எதையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

பூட்டை உடைக்காதீர்கள்

"என் வீட்டுக்கு நான் போக யாரைக் கேட்க வேண்டும்?" என்று ஆட்களோடு போய்ப் பூட்டை மாற்றுபவர்கள் உண்டு. இது பெரிய தவறு. சட்டப்படியல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஒரு வருடத்துக்குள் வழக்கிட்டால், உரித்து யாருடையது என்று பார்க்காமலே அவரை மீண்டும் உள்ளே இருத்த நீதிமன்றத்தால் முடியும். சண்டை சச்சரவு ஏற்படக்கூடிய நிலையில் பொலிஸார் விடயத்தை ஆரம்ப நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம். முந்திய 2 மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் இருத்த அங்கும் கட்டளையிடலாம். உறுதி கையிலிருந்தும் வழக்கில் நாம் பின்னுக்குப் போய்விடுவோம்.

நேரான வழி மெதுவானது, ஆனால் உறுதியானது. மாதவாடகைக் குடியென்றால் முதலில் சட்டத்தரணி மூலம் முறையான முன்னறிவித்தல். வாடகைச் சட்டத்துக்குள் அடங்கும் வீடென்றால் அதன் நிபந்தனைகளையும் பார்க்க வேண்டும். அதன்பின் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. குத்தகைக்கு விட்ட கட்டடங்களை மீளப் பெறச் சுருக்கமான நடைமுறையொன்றை 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் ஏற்படுத்தியிருக்கிறது. உங்கள் குத்தகை அதற்குள் அடங்குமா என்று சட்டத்தரணியிடம் முதலிலேயே கேளுங்கள்.

தீர்ப்புக்குப் பின்

வழக்கில் வென்றதும் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். தீர்ப்பு தானாக நடந்து வந்து கதவைத் திறக்காது. அதை நிறைவேற்றும் எழுத்தாணைக்கு நீங்களே மனுச் செய்ய வேண்டும். 10 ஆண்டுகள் கடந்தால் அந்த மனுவுக்கும் இடமில்லை. எழுத்தாணையோடு வரும் பிஸ்கல் அதிகாரிதான் இருப்பவரை அகற்றி ஆட்சியை உங்களிடம் ஒப்படைப்பார். அவரை யாராவது தடுத்தால் கைகலப்பில் இறங்காதீர்கள். நீதிமன்றத்துக்கு அறிவியுங்கள், அது விசாரிக்கும்.

ஒப்படைக்கும் நாளில் நீங்களோ அதிகாரம் பெற்ற ஒருவரோ அங்கே நிற்க வேண்டும். அறை அறையாகப் படம் எடுங்கள். எஞ்சிய பொருட்களுக்குப் பட்டியல் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அன்றைக்கே புதுப் பூட்டுப் போடுங்கள். மின்சாரம், தண்ணீர், சபை வரி மூன்றிலும் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டை வெறுமனே விட்டு மீண்டும் புத்தளத்துக்குப் போனால் பழைய கதைதான்.

அடுத்த குடியை வைக்கும்போதாவது எழுத்தில் வையுங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். "நம்மட ஆள்தானே, எழுத்து எதற்கு?" என்று கேட்காதீர்கள். நம்மட ஆளோடு நாளை மனக்கசப்பு வராமல் காப்பதும் அந்த எழுத்துத்தான். வெளியேற்றப்பட்ட நாளில் நமக்கு எழுத நேரம் இருக்கவில்லை. இன்று இருக்கிறது.