வீட்டுக் கோப்புகளுக்கும் வேண்டும் விதைநெல்

ஒரு காலத்தில் குடும்பத்தின் முக்கிய ஆவணங்கள் இரும்புப் பெட்டியிலும், புகைப்படங்கள் ஆல்பங்களிலும் இருந்தன. இன்று வீட்டுப் பத்திரத்தின் நகல், வருமான வரிக் கணக்கு, மருத்துவ அறிக்கை, திருமணக் காணொலி என அனைத்தும் எண்மக் கோப்புகளாகிவிட்டன. ஆனால், இரும்புப் பெட்டி வாங்கும்போது காட்டிய அக்கறையை இவற்றை வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் நாம் காட்டுவதில்லை.

நானும் காட்டவில்லை. மறைந்த என் தாயாரின் குரல் பதிவுகளையும், பத்தாண்டு காலக் குடும்பப் படங்களையும் ஒரே வன்தட்டில் வைத்திருந்தேன். ஒருநாள் அது மேசையிலிருந்து கீழே விழுந்தது. படங்களில் பல, உறவினர்களின் கைப்பேசிகளிலிருந்து திரும்பக் கிடைத்தன, குரல் கிடைக்கவில்லை. இடர்ப் பரவலாக்கம் குறித்து வகுப்பறையில் ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தியவன், சொந்த வீட்டில் அதைக் கடைப்பிடிக்கத் தவறினேன். அதன்பின் வீட்டுக்கென ஒரு பொதுச் சேமிப்பகம் அமைக்க முற்பட்டபோது அறிந்துகொண்டவை பிறருக்கும் பயன்படக்கூடும்.

முதலில் ரவுட்டர். இணைய நிறுவனத்துக்கு நாம் பணம் கட்டும் வேகம் வேறு. வீட்டுக்குள் ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்குக் கோப்பு செல்லும் வேகம் வேறு. பின்னதைத் தீர்மானிப்பது ரவுட்டரே. விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் கம்பி இணைப்பின் வேகம் நொடிக்கு 100 மெகாபிட் மட்டுமே. அதன் வழியே ஒரு டெராபைட் அளவுள்ள கோப்புகளை நகலெடுக்க ஏறத்தாழ 22 மணி நேரமாகும். 1,000 மெகாபிட் இணைப்பில், வன்தட்டும் ஈடுகொடுத்தால், இரண்டேகால் மணி நேரம் போதும். சேமிப்பகம் வைக்க விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கம்பியில்லா இணைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. சுவர்களைக் கடக்கையில் வலுவிழக்கும். எனவே, விலை உயர்ந்த கருவியை வாங்குவதற்கு முன், வாசல் மூலையில் கிடக்கும் ரவுட்டரை வீட்டின் நடுவே, சற்று உயரத்தில் மாற்றி வைத்துப் பார்ப்பது நல்லது. இதற்குச் செலவு அதிகமில்லை.

அடுத்து சேமிப்பு. இதில் மூன்று வழிகள் உள்ளன. ரவுட்டரின் யூஎஸ்பி துளையில் ஒரு வன்தட்டைச் செருகுவது மிக மலிவானது. வேகமும் பாதுகாப்பும் குறைவு. இரண்டு வன்தட்டுகள் கொண்ட 'நாஸ்' எனப்படும் தனிப் பெட்டி சொந்த வீடு போன்றது. முதலீடு அதிகம், பராமரிப்பும் நம்முடையதே. 15 வாட் மின்சாரத்தில் ஆண்டு முழுவதும் இயங்கினால் சுமார் 131 யூனிட் செலவாகும். மூன்றாவதான மேகச் சேமிப்பு வாடகை வீடு. பராமரிப்புத் தொல்லை இல்லை. ஆனால், நிபந்தனைகளை வகுப்பவர் வீட்டுக்காரர். கூகுள் போட்டோஸ் அளித்துவந்த வரம்பற்ற இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1 முதல் முடிவுக்கு வந்ததை நினைவில் கொள்ளலாம்.

இவற்றில் எது சிறந்தது என்ற கேள்வியே முழுமையானதன்று. ஒன்றை மட்டும் நம்பியிருப்பதுதான் தவறு. இரட்டை வன்தட்டுப் பெட்டி வைத்திருப்போர் பலர், ஒரு தட்டு மற்றொன்றின் பிரதி என்பதால் நிம்மதியாக இருக்கின்றனர். தட்டு ஒன்று பழுதடைந்தால் அது காக்கும். கைதவறி ஒரு கோப்பை அழித்தாலோ இரண்டிலும் அழியும். பெட்டியே திருடுபோனால் இரண்டும் போகும். எனவேதான், மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றேனும் வீட்டுக்கு வெளியே என்பதை வல்லுநர்கள் விதியாகக் கூறுகின்றனர். நம் உழவர்கள் விதைநெல்லை உணவுக்கான நெல்லோடு கலக்காமல் தனியே வைத்ததும் இந்த அறிவினால்தான். உறவினர் வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு வன்தட்டு, நம் வீட்டின் விதைநெல்.

பாதுகாப்பு நம்மோடு முடிந்துவிடுவதில்லை. 2016-இல் 'மிராய்' என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பெருமளவில் கைப்பற்றியது. அவற்றைக் கொண்டு நடத்தப்பட்ட தாக்குதலால் அமெரிக்காவில் முன்னணி இணையதளங்கள் பல முடங்கின. ஒருவரின் அலட்சியத்துக்கான விலையை மற்றவர் செலுத்துவதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். ஆகவே, கடவுச்சொல்லை மாற்றுவதும், தயாரிப்பாளர் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தொடர்ந்து வழங்கும் ரவுட்டரையே வாங்குவதும் குடிமைக் கடமை. சேமிப்பகத்தை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடாதிருப்பது அதனினும் முக்கியம்.

நிறைவாக ஒன்று. பிரதி எடுத்தோம் என்பதோடு நில்லாமல், ஆண்டுக்கு இருமுறையேனும் அதிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். கருவியை மீண்டும் கடையில் வாங்கிவிடலாம். அதில் இருந்த குரலை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.