படுக்கையறையில் கரி அடுப்பு வேண்டாம்

உறைபனிக் காலம் வந்துவிட்டது. நம் ஊட்டியில் சுபுஹுக்கு எழுபவர்களுக்குக் குளிரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு, படுக்கையறையில் கரி அடுப்பை வைத்துத் தூங்கும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 'புகை இல்லையே, கனல்தானே' என்கிறார்கள். அந்தக் கனலிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு வருகிறது. நிறமில்லை, வாடையில்லை. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தூங்குபவர் தூக்கத்திலேயே நினைவிழந்து இறந்துபோகக்கூடும். தலைவலி, குமட்டலோடு யாராவது விழித்தால் உடனே எல்லோரையும் வெளியே அழைத்து வந்து, மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அப்படியானால் குளிருக்கு என்ன வழி? முதலில் கூரையைப் பாருங்கள். சூடான காற்று மேலே ஏறும்; சீலிங் இல்லாத தகர ஷீட் அந்தச் சூட்டை அப்படியே வெளியே விட்டுவிடும். பழைய பங்களாக்களில் ஓட்டுக்கு அடியில் பலகை சீலிங் அடித்தது அழகுக்காக மட்டுமல்ல. இடையில் அடைபட்டு நிற்கும் காற்று போர்வை போலச் சூட்டைக் காக்கும். ஹீட்டர் வாங்க வைத்திருக்கும் பணத்தில் படுக்கையறைக்கு மட்டுமாவது சீலிங் போடலாம். ஹீட்டருக்குக் கரண்ட் பில் வரும், சீலிங்குக்கு வராது.

புதிதாகக் கட்டுபவர்கள் பெரிய கண்ணாடி ஜன்னலைத் தெற்கே வையுங்கள். குளிர்காலத்தில் வெயில் அந்தப் பக்கமிருந்துதான் சாய்ந்து உள்ளே விழும்.

கதவிடுக்கை அடைப்பது சரி, காற்றே வராமல் அடைக்காதீர்கள். சமையல் ஆவியும் ஈரத்துணியும் சுவரில் பூஞ்சணம் பிடிக்கவைத்து, பிள்ளைகளுக்கு இளைப்பைக் கொண்டுவரும். மதிய வெயிலில் அரை மணி நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.